சொகமில்லாதவர்களின் பெஞ்சு

கொட்டாரத்துக்குக் கிழக்கே, வயலும் வாழைத்தோப்பும் முடிந்து கட்டடங்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கும் அந்த மேல்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் கிருஷ்ணமணி, தன் இருபத்தாறு ஆண்டுப் பணிக்காலத்தில் ஒரு பிள்ளையைக்கூட வியர்க்க வைத்தார் என்று எவரும் அவர்மேல் குற்றம் சுமத்த முடியாது. பள்ளியில் வியர்வை என்பது கணக்கு வகுப்பின் தனிச்சொத்தாக இருந்தது. அந்தச் சொத்து பெருகுவதற்குத் தன்னால் ஆனதையெல்லாம் அவர் செய்தார்.

எப்படியென்றால், கால அட்டவணையில் அவருக்கு ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் இரண்டு பீரியடு உண்டு. அதில் ஒன்று திங்கட்கிழமையே போய்விடும். கணக்கு ஆசிரியை பகவதியம்மாள் சாக்பீஸ் டப்பாவோடு வராந்தாவில் வந்து நிற்பார்.

“சாரே, பத்து பி-க்கு திரிகோணமிதி முக்காலும் பாக்கி கெடக்கு. இன்னைக்கு உங்க பீரியட நான் எடுத்துக்கிடட்டா?”

“எடுத்துக்கிடுங்க டீச்சர். பிள்ளேளு படிச்சு நல்லா வரட்டும். ஓடி என்னத்துக்கு?”

அறிவியல் ஆசிரியர் வந்தாலும் இதே பதில். சமூக அறிவியலுக்கும் இல்லையென்று சொன்னதில்லை. ஓர் ஆண்டுவிழாவில் பகவதியம்மாள் டீச்சர் ஒலிபெருக்கியைப் பிடித்து, “நம்ம பள்ளியில பதினேழு பிள்ளேளு கணக்குல நூத்துக்கு நூறு எடுத்ததுல கிருஷ்ணமணி சாருக்கும் பெரிய பங்கு உண்டு” என்று அறிவித்தபோது அவர் எழுந்து நின்று கும்பிட்டார். விளையாட்டு ஆசிரியர் ஒருவருக்குக் கணக்கில் பாராட்டு கிடைத்தது அந்த வட்டாரத்தில் அதுவே முதல் தடவை.

இத்தனைக்கும் அவர் ஓடியவர். கல்லூரி நாளில் நாகர்கோவிலில் நடந்த மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டரில் நாலாவதாக வந்தார். பரிசு மேடைக்குப் படி மூன்றுதான் என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டார். அந்த நாலாவது இடம் அவருக்குள் ஓர் ஆசையாகத் தங்கிப்போனது. தன் பள்ளியிலிருந்து ஒரேயொரு பிள்ளை, மாவட்டத்தின் பெயர் எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும். தான் ஓய்வு பெறுவதற்குள் அது நடந்துவிட வேண்டும். அதற்காக அவர் எதையும் செய்யத் தயாராக இருந்தார், பயிற்சி கொடுப்பதைத் தவிர.

மற்ற ஆசிரியர்கள் கேட்க மறந்துபோன பீரியடுகளில் விளையாட்டு நடந்தது. ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பந்து; அதில் காற்று இருந்தால் கால்பந்து, இல்லாவிட்டால் எறிபந்து. பெண்பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். அவர் விசிலை வாயில் வைப்பதற்கு முன்பே ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வருவாள்.

“சார், சொகமில்ல.”

அந்தப் பக்கத்தில் ‘சொகமில்ல’ என்ற சொல்லுக்குக் காய்ச்சல் என்று பொருள் உண்டு. தலைவலி, வயிற்றுவலி எல்லாம் உண்டு. பெண்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னால் ஆண் ஆசிரியர் விளக்கம் கேட்கக் கூடாத பொருளும் ஒன்று உண்டு. கிருஷ்ணமணி சார் கூச்ச சுபாவி. எந்தப் பொருளையும் அவர் கேட்டதில்லை. “செரி, போய் இரி” என்று வாகை மரத்தடியில் கிடக்கும் பெஞ்சைக் காட்டுவார். முகத்தைப் பார்த்தால்கூடக் கேட்டதுபோல் ஆகிவிடும் என்று மரத்தைப் பார்த்தே சொல்வார். ஆடி மாதத்துக்குள் அந்தச் சொல்லின் வலிமை எல்லா வகுப்புக்கும் தெரிந்துவிடும். ஒரு பெஞ்சு போதாமல் அவர் ஆய்வகத்திலிருந்து இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். மைதானத்தில் இருப்பவர்களைவிட மரத்தடியில் இருப்பவர்கள் அதிகமாக இருந்த நாட்களில், காவலுக்காக அவரும் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

இப்படி எல்லாரும் நலமாக இருந்த காலத்தில்தான் நலவாழ்வுக் கல்வி வந்தது. மேலிடத்திலிருந்து ஆணை, கூடவே ஒரு கையேடு. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உணவு, உறக்கம், மூச்சுப்பயிற்சி, மனஅழுத்தம் எல்லாவற்றையும் பற்றிப் பாடம் நடத்த வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் உயரம், எடை, அறுநூறு மீட்டர் ஓடும் நேரம், குனிந்து கால்விரலைத் தொடும் தூரம், கடைசியில் ‘சிறப்புக் குறிப்பு’. எல்லாவற்றையும் இணையதளத்தில் ஏற்ற வேண்டும்.

கையேட்டின் முதல் பக்கத்தை அவர் உண்மையாகவே படித்தார். பிறகு விளையாட்டுச் சாமான் அறைக்குள் போய், ஈட்டிகளுக்கும் காற்றுப்போன பந்துகளுக்கும் நடுவே உட்கார்ந்து, இரண்டே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளை நிரப்பினார். அளவுநாடா பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி யாரிடம் என்று தெரியவில்லை. பிள்ளையின் பெயரை வாசித்ததும் கண்ணை மூடி, மனத்தில் தோன்றும் உயரத்தை எழுதினார். அடுத்த ஆண்டு எல்லாருக்கும் மூன்று சென்டிமீட்டர் கூட்டினார். வளருகிற பிள்ளைகள் வளரத்தானே செய்யும்? மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மார்த்தாண்டத்துப் பள்ளிக்குப் போய்விட்ட ஜெபிஷ் என்ற மாணவன்கூட இந்தப் பள்ளியின் அட்டையில் தொடர்ந்து வளர்ந்துகொண்டிருந்தான்.

சிறப்புக் குறிப்புக்கு மட்டும் அவர் கற்பனையை நம்பவில்லை. பெஞ்சில் வழக்கமாக உட்காரும் முகங்களை நினைவுகூர்ந்து, ‘உடல்நலம் குன்றியவர். கடும் பயிற்சி கூடாது’ என்று நேர்மையாகவே எழுதினார். பள்ளிக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. ஓர் அட்டைகூட விடுபடாமல் ஏற்றியதற்காக. தலைமையாசிரியை ஞானம் அதைச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார்.

இந்த ஆண்டு ஜூலை மாதம் ஒரு சாயங்காலம், கிருஷ்ணமணி சார் சாலைச் சந்திப்பில் டீ குடித்துக்கொண்டு நின்றார். பள்ளி விட்ட நேரம். நிறுத்தத்தில் கூட்டம். பஸ் வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், கூட்டத்தைத் தாண்டி, கால் கிலோமீட்டர் தள்ளி மெல்ல வேகம் குறைத்தது. அது அந்த ஓட்டுநரின் வழக்கம். எல்லாரும் ஓடினார்கள். ஆண்பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் புத்தகப் பையும் சாப்பாட்டுத் தூக்குமாகப் புறப்பட்ட ஒரு பெண், மூன்றாவது மின்கம்பத்தில் அவர்களைப் பிடித்தாள், நாலாவதில் தாண்டினாள், பஸ்ஸின் கம்பியைப் பிடித்து ஏறித் திரும்பி நின்று, ஓடி வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தாள். மூச்சு வாங்கவே இல்லை.

அவர் கையிலிருந்த டீ ஆறிப்போனது. அது ரெஜிஷா. பன்னிரண்டாம் வகுப்பு. முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் ஓர் அம்மாளின் ஒரே மகள். நாலாவது வருடமாக அவருடைய பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள்.

மறுநாள் பெஞ்சிலேயே அவளைப் பிடித்தார்.

“ஏட்டி, நீ சொகமில்லாத பிள்ளையில்லா?”

“எனக்கு ஒண்ணுமில்ல சார்.”

“பொறவு எதுக்கு இங்க இருக்க?”

“நீங்கதானே சார் இருக்கச் சொன்னிய?”

“நானா? எப்பம்?”

“ஒம்பதாங்கிளாஸுல. மொத வாரம் எனக்குப் பனியா இருந்து, மேலெல்லாம் சுட்டுது. சொகமில்லன்னு சொன்னேன், இரின்னிய. அடுத்த வாரம் வரிசையில வந்து நின்னேன். நீ சொகமில்லாத பிள்ளையில்லா, போய் இரின்னிய. அதுக்கடுத்த வாரம் கையக் காட்டினிய. பொறவு நானே வந்து இருந்துட்டேன்.”

“நீ வாயத் தொறந்து சொல்லப்பிடாதா?”

“சொன்னேன் சார். எனக்கு செரியாயிட்டுன்னு சொன்னேன். நீங்க செரி செரின்னு விசில் ஊதிட்டிய.”

பெஞ்சிலிருந்த மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு அந்தச் சிரிப்பு காதில் விழவில்லை. ஒருத்தி ஒரே ஒரு தடவை சொன்ன சொல்லை, அவளுக்காக மூன்று வருடம் முழுக்கத் தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்பதை அவர் மெல்ல மெல்லக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கணக்குக்குப் பீரியடு கொடுத்தவருக்கு அந்தக் கூட்டல் எளிதாக வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் ஏழு மணிக்கே பள்ளிக்கு வந்ததைப் பார்த்துக் காவலாளி, யாராவது இறந்துவிட்டார்களா என்று விசாரித்தார். மைதானத்தில் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டார். பத்து நாள் அவளை ஓட விட்டார். “சாரே, செருப்பு வேண்டாம், வெறுங்காலே மதி” என்று ஓடினாள். அவர் சொல்லிக் கொடுப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. கையை ஒடுக்கிப் பிடி என்றார். அதற்கு முன்பே அப்படித்தான் பிடித்திருந்தாள். கடைசிச் சுற்றுக்கு மூச்சை மிச்சம் வை என்றார். “பஸ்ஸு எங்க நிக்கும்னு தெரியாதுல்லா சார், அதனால எப்பமும் கொஞ்சம் வச்சிருப்பேன்” என்றாள். பத்தாவது நாள் எண்ணூறு மீட்டருக்கு இரண்டு நிமிடம் முப்பத்தொன்பது விநாடி. கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று மறுபடி ஓட விட்டுக் கைபேசியிலும் ஒரு தடவை பார்த்தார். அதுவும் அதையே சொன்னது.

பக்கத்துப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் வினோஜைக் கூப்பிட்டுச் சொன்னார். வினோஜ் பழைய கூட்டாளி. இருவரும் ஒரே வருடம் பயிற்சி முடித்தவர்கள்.

“ரெண்டு முப்பத்தொம்பதா? ஓய், சும்மா அவிச்சு விடாதயும். குறுவட்டத்துல நாப்பத்தஞ்சே பெரிய காரியமாக்கும்.”

“எனக்க கண்ணால பாத்தேன் வே.”

“அப்பம் பேரக் குடும். குறுவட்டம் ஜெயிச்சா மாவட்டம், மாவட்டம் ஜெயிச்சா ஸ்டேட்டு. இருவத்தாறு வருசமா அரைச்ச மாவு, ஒரு தோசையாவது சுடும்.”

அவளுக்கு இதுதான் கடைசி ஆண்டு. மார்ச் மாதம் பள்ளி முடிந்தால் பள்ளிப் போட்டிகளும் முடிந்துவிடும். பெயர் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

புதன்கிழமை தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்து அவள் பெயரை இணையதளத்தில் ஏற்றினார்கள். திரையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. ‘இம்மாணவி கடும் பயிற்சிக்குத் தகுதியற்றவர். காண்க: நலவாழ்வு அட்டை.’ அதன் கீழே மூன்று ஆண்டுக் குறிப்பு, மூன்றிலும் கிருஷ்ணமணியின் பெயர்.

“இது நீங்க எழுதினதுல்லா சார்?” என்றார் ஞானம் டீச்சர்.

“நான்தான் எழுதினேன். ஆனா அது உள்ளதில்ல டீச்சர்.”

அன்றைக்கே நாகர்கோவிலுக்குப் போய் மருத்துவரிடம் அவளைக் காட்டி, முழு நலம் என்று சான்றிதழ் வாங்கி வந்தார். அதை ஏற்றினால் இன்னொரு கட்டம் வந்தது. முந்தைய குறிப்பு எவ்வாறு தவறானது என்று பொறுப்பாசிரியர் கையொப்பமிட்ட விளக்கத்தை இணைக்க வேண்டும்.

ஞானம் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுதணும்னா எழுதுங்க சார். நான் தடுக்கல்ல. ஒரு பிள்ளைக்க அட்ட தப்புன்னா மத்த நானூத்திப் பதினொண்ணும் எப்படின்னு கேப்பாவ. அளந்தியளான்னு கேப்பாவ. நான் என்னத்தச் சொல்ல?”

கிருஷ்ணமணி சார் டீச்சரின் தலைக்கு மேலே தொங்கிய சான்றிதழைப் பார்த்தார். கண்ணாடிக்குள் அது பளபளவென்று இருந்தது. பள்ளியிலேயே முழு ஆரோக்கியத்துடன் இருந்தது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை முழுக்கச் சாமான் அறையில் உட்கார்ந்து எழுதினார். முதல் தாளில், ‘எழுத்துப் பிழை’ என்றார். மூன்று வருடம் தொடர்ந்து ஒரே பிழை எப்படி வரும் என்று தானே கேட்டுக் கிழித்தார். இரண்டாவதில், ‘மாணவி அண்மையில் குணமடைந்தார்’ என்றார். என்ன நோய், எந்த மருத்துவமனை என்று கேட்பார்களே? அதையும் கிழித்தார். ஐந்தாவது தாளில் முகவரி, பொருள், மதிப்பிற்குரிய எல்லாம் எழுதிவிட்டு, கீழே மூன்றே சொல் எழுதினார்: ‘நான் யாரையும் அளக்கவில்லை.’ அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பையில் வைத்ததுமே பாதி வேலை முடிந்துவிட்டதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தலைமையாசிரியை அறை வாசலுக்குப் போனார். உள்ளே யாரோ ஒரு பிள்ளையின் பெற்றோர் இருந்தார்கள். அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மரியாதையாகத் திரும்பினார். நாலு மணிக்குப் போனார். டீச்சர் தொலைபேசியில் இருந்தார். நாலே முக்காலுக்கு அறையில் யாருமில்லை, தொலைபேசியும் மேசையில் கிடந்தது. மரியாதைக்கு ஒரு வழியும் மிச்சமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

“என்ன சார்?”

கை சட்டைப் பைக்குள் இருந்தது. தாளின் விளிம்பு விரலில் தட்டுப்பட்டது. பணி ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். விசாரணை, விளக்கம், சக ஆசிரியர்களின் முகம் எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

“முதலுதவிப் பெட்டியில டிஞ்சர் தீந்துபோச்சு டீச்சர். அதச் சொல்லலாம்னு வந்தேன்” என்றார்.

ஞானம் டீச்சர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். “செரி சார். வாங்கிடலாம்” என்றார்.

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது.

ரெஜிஷா வராந்தாவில் காத்திருந்தாள். “பேரு குடுத்தாச்சா சார்?”

“சைட்டு வேல செய்யல்ல மக்ளே. நெட்டு இழுக்கல்ல. மேல பேசிப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல்ல.”

“ஓ” என்றாள். பையை மறுதோளுக்கு மாற்றினாள். “பரவால்ல சார். அம்மைட்ட சொல்லிட்டேன், அதான். அது கெடக்கட்டு.” படியிறங்கி நடந்து போனாள். அன்றைக்குப் பஸ் எங்கே நின்றதென்று அவர் பார்க்கப் போகவில்லை.

குறுவட்டப் போட்டியில் உடற்கல்வி ஆசிரியர்கள்தான் நடுவர்கள். கிருஷ்ணமணி சாருக்கு முடிவுக்கோட்டில் நேரம் குறிக்கும் வேலை கிடைத்தது. எண்ணூறு மீட்டர், பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள். ஆறு பேர் ஓடினார்கள். முதலில் வந்தவள் கோட்டைத் தாண்டியதும் பொத்தானை அழுத்தினார். இரண்டு நிமிடம் நாற்பத்தாறு விநாடி. அதைத் தாளில் எழுதிக் கீழே தன் பெயரையும் எழுதினார்.

வினோஜ் பக்கத்தில் வந்து நின்றார். “உம்ம பிள்ள எங்க ஓய்? பட்டியல்ல பேரக் காணல்ல.”

“சொகமில்ல” என்றார் கிருஷ்ணமணி. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வினோஜ் மரியாதையாக அதற்குமேல் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை, முதல் மணி அடிப்பதற்கு முன் ரெஜிஷா சாமான் அறை வாசலில் வந்து நின்றாள்.

“சார், எண்ணூறுல ஆரு ஜெயிச்சா?”

“அஞ்சுகிராமத்துப் பக்கத்துப் பிள்ள ஒண்ணு.”

“எவ்வளவு சார்?”

அவர் ஈட்டிகளை அடுக்கிக்கொண்டே, “ரெண்டு முப்பத்தஞ்சு” என்றார். “நல்ல ஓட்டம். நீ போயிருந்தாலும் கஷ்டந்தான் மக்ளே.”

அதை அவளுக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று அவருக்கே பிடிபடவில்லை.

“வாட்ஸப்புல ரெண்டு நாப்பத்தாறுன்னு போட்டிருக்கே சார்.”

“அது வேற வயசுப் பிரிவா இருக்கும்.”

“கீழ உங்க பேரு இருக்கு சார்.”

ஈட்டி ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. மூன்று வருடத்தில் அவர் அளந்து எழுதி ஊருக்குப் போன ஒரே எண் அது; அதைத்தான் இப்போது பொய்யென்று நிறுவ வேண்டியிருந்தது. அதற்கு அவருக்குத் தெம்பில்லை. சட்டைப் பையிலிருந்து, துவைத்த சட்டை மாறினாலும் மாறாமல் கூடவே வந்துகொண்டிருந்த அந்தத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“நெட்டுக்கு ஒண்ணுமில்ல மக்ளே. நான் இதக் குடுத்திருந்தா மதியாயிருந்து, உனக்க பேரு ஏறியிருக்கும்.”

அவள் மடிப்பைப் பிரித்து நின்றபடியே படித்தாள். முகவரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், கேள்வித்தாளைப் படிக்கிற கவனத்தோடு படித்தாள். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். கோபமெல்லாம் இல்லை. விடைத்தாளில் பதிவெண் எழுத மறந்தவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:

“இதுல நீங்க ஒப்பு போடல்லியே சார்.”

மணி அடித்தது. அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

கிருஷ்ணமணி சார் தாளைப் பிரித்துப் பார்த்தார். உண்மைதான், மூன்று சொல்லுக்குக் கீழே கையெழுத்து இல்லை, வெறும் வெள்ளை. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். எந்தத் தேதியைப் போட்டுக் கையெழுத்திடுவது என்றுதான் தெரியவில்லை.